துஷ்யந்தி தாளம் போட்ட கதை

கண்டிப் பக்கத்து மலையூரான கலஹாவில் யோகராஜைத் தெரியாதவர்கள் குறைவு. பகலில் பஜாரில் ஆணி, கம்பி, பெயின்ட் விற்கும் கடையில் நிற்பார். வெள்ளிக்கிழமை மாலையில் மாரியம்மன் கோயிலில் டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அவர் வேறு ஆள். பஜனைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அம்மனுக்காகவும் மீதிப் பேர் யோகராஜின் டோலக்குக்காகவும் வருவதாகப் பூசாரியே சொல்லுவார். அப்படிப்பட்ட மனுசனுக்கு வாய்த்த மனைவி துஷ்யந்தி. அவளுக்குக் கை தட்ட வராது.

கையில் ஒரு குறையும் இல்லை. கண்டியில் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவள் வேலை செய்தாள். கடுகளவு ஆணிகளைக் கண்ணாடிச் சட்டத்தில் முடுக்கும் கை அது. ஆனால் ஊரே சேர்ந்து தட்டும்போது அவளுடைய தட்டு மட்டும், பஸ் புறப்பட்ட பிறகு ஓடி வருகிற ஆளைப் போல, தனியாக வந்து விழும்.

பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழாவுக்குக் கும்மி பழக்கினார்கள். எல்லோரும் குனிந்தபோது இவள் நிமிர்ந்து நின்றாள். எல்லோரும் நிமிர்ந்தபோது குனிந்து, முன்னால் நின்ற பிள்ளையின் இடுப்பில் முட்டினாள். டீச்சர் ஏசவில்லை. திரைச்சீலைக் கயிற்றைக் கையில் கொடுத்து மேடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டார். “அந்தத் திரையையும் நேரத்துக்கு இழுக்கலைன்னு வைங்களேன்” என்று பிற்பாடு துஷ்யந்தியே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

கல்யாணம் முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை, புதுப் புடவையோடு பஜனையில் முன்வரிசையில் உட்கார்ந்து ஆசையாகக் கை தட்டினாள். யோகராஜின் டோலக் அன்றைக்கு இரண்டு இடத்தில் தடுமாறியது. அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் அவர் எழுந்து வந்து சுண்டல் சட்டியை அவள் கையில் வைத்தார்.

“துஷி, இத நீ பகிர்ந்து குடுத்திரேன். புள்ளைங்க எல்லாம் பசியில இருக்குதுங்க.”

அவர் சொன்ன விதத்தில் அவ்வளவு பிரியம் இருந்தது. கோபப்படவும் வழியில்லை. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைச் சுண்டல் துஷ்யந்தியின் பொறுப்பு. அவளும் சிரித்த முகத்தோடுதான் கொடுத்தாள். கொடுத்து முடித்துவிட்டுப் பின்வரிசையில் போய் உட்காரும்போது மட்டும் கைகள் இரண்டையும் தொடைக்கடியில் வைத்துக்கொள்வாள். டோலக் உச்சத்துக்கு ஏறுகிற நேரத்தில் அவை தாமாகவே எழுந்துவிடும் என்று அவளுக்குப் பயம்.

இப்படியே பல வருசம் போய்விட்டது. துஷ்யந்திக்கு நாற்பது தாண்டியது.

அவளுடைய தம்பி திலக்ஷன் கத்தாரில் வேலை செய்கிறான். போன வருசம் லீவில் வந்து அக்கா வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பிப் போனபோது ஒரு சாமானை மறந்துவிட்டான். அலுமாரிக்குப் பின்னால் இருந்த பிளக்கில் சார்ஜ் ஏறிக்கொண்டு கிடந்தது அது. இரண்டு கையாலும் பிடித்து விளையாடுகிற கேம் மெஷின். நடுவில் கண்ணாடித் திரை, இரு பக்கமும் பட்டன்கள்.

துஷ்யந்தி வட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். “தம்பி, ஒன் சாமான் ஒண்ணு இங்க கெடக்குது. யாராவது வர்றவங்க கையில குடுத்து விடவா?”

“அத நீங்களே வச்சிக்கங்கக்கா. நான் இங்க வேற ஒண்ணு எடுத்துட்டேன். பஸ்ஸில போறப்ப விளாடுங்க, பொழுது போகும்.”

“எனக்கு என்னாடா தெரியும் இதெல்லாம்?”

“மீன் புடிக்கிற கேம் ஒண்ணு இருக்குது. சின்னப் புள்ளைங்களே விளாடும். ஹெட்செட்ட காதில போட்டுக்கங்க, அவ்ளோதான்.”

கலஹாவிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ், தேயிலை மலைகளைச் சுற்றிச் சுற்றி இறங்கி, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கெம்பஸ் மரங்களுக்குள் நுழைந்து, பிறகுதான் டவுன் பாதையைப் பிடிக்கும். துஷ்யந்திக்குத் தினமும் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிடும். தம்பி சொன்னதை நம்பி ஒருநாள் மெஷினை எடுத்து மடியில் வைத்தாள்.

மீன் பிடிப்பது என்று அவன் சொன்னது சரிதான். திரையின் வலப்பக்கத்திலிருந்து மஞ்சளும் பச்சையுமாக மீன்கள் நீந்தி வந்தன. இடப்பக்கத்தில் ஒரு வளையம். மீன் வளையத்துக்குள் நுழைகிற அந்தச் சொட்டு நேரத்தில் பட்டனை அமுக்க வேண்டும். மஞ்சளுக்கு ஒரு பட்டன், பச்சைக்கு ஒரு பட்டன். ஆனால் அவன் ஒரு விசயத்தைச் சொல்லவில்லை. மீன்கள் சும்மா வரவில்லை, பாட்டோடு வந்தன. அடிக்கு அடி, தாளத்துக்குத் தாளம்.

புரிந்ததும் துஷ்யந்தி சத்தமாகச் சிரித்துவிட்டாள். பக்கத்து ஸீட்டில் இருந்த ஓர் அம்மா திரும்பிப் பார்த்தார். போயும் போயும் எனக்கா இது என்று நினைத்துக்கொண்டே அமுக்கினாள். முதல் மீன் தப்பியது. இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் தப்பின. பாட்டு முடிந்ததும் தொப்பி போட்ட ஒரு கொக்கு வந்து சோகமாகத் தலையை ஆட்டியது. ‘ட்ரை அகெய்ன்?’ என்று கேட்டது.

துஷ்யந்தி அந்தக் கேள்வியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சரும் சரி, யோகராஜும் சரி, நல்ல மனுசர்கள்தான். ஆனால் மறுபடியும் ஒரு தடவை செய்து பார் என்று இந்தக் கொக்குதான் முதலில் கேட்டது. சரி என்று அமுக்கினாள்.

அதற்குப் பிறகு போகும்போதும் வரும்போதும் அதே வேலை. பாட்டெல்லாம் என்ன மொழி என்றே தெரியவில்லை. அவளே பெயர் வைத்தாள். ஒன்று ‘எண்ணெய் கொதிக்குது’ பாட்டு. ஒன்று ‘கதவத் தொற’ பாட்டு. இன்னொன்றில் ஒருத்தி திரும்பத் திரும்ப ஒட்டகமே, ஒட்டகமே என்று அழைப்பது போலக் காதில் விழும். அது ஒட்டகப் பாட்டு. வளைவுகளில் பஸ் திரும்பும்போது திரையைப் பார்த்துப் பார்த்து வயிற்றைப் புரட்டும். துஷ்யந்தி பையில் புளிப்பாக மணக்கும் தேசிக்காய் ஒன்றை வைத்துக்கொண்டு, அதை முகர்ந்து முகர்ந்து விளையாடினாள். கொக்கு விடாமல் தலையை ஆட்டியது.

கடையில் அவளோடு வேலை செய்த ருக்கியாவுக்கு இது பெரிய வேடிக்கை. பகல் சாப்பாட்டு நேரத்தில் பின்னறையில் ஒரு காதுக்கு ருக்கியா, ஒரு காதுக்கு துஷ்யந்தி என்று ஹெட்செட்டைப் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

“அல்லாஹ்வே, துஷி! அந்த மீன் போய்ச் சேந்து, குஞ்சு பொரிச்ச பொறகு அமுக்கிறீங்களே” என்பாள் ருக்கியா.

“நீ சோத்தத் தின்னு.”

“இல்ல, நெசமாத்தான் கேக்கிறன். ஒங்கட மாப்புள டோலக் அடிக்கிற ஆள்தானே. அவர்ட்ட கேக்க ஏலாதா?”

“அவரு கேட்டா நாள் முழுக்கச் சிரிப்பாரு. வேணாம்.”

ஒளித்து வைக்க வேண்டும் என்று அவள் திட்டம் போடவில்லை. வீட்டில் மெஷினை எடுக்கக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான்.

மழை விட்டு வெயில் அடித்த ஒரு காலையில் அது நடந்தது. பஸ் ஒரு வளைவு திரும்பியதும் மலைக்கு மேலால் வந்த வெயில் நேராகத் திரையில் விழுந்தது. மீன் இல்லை, வளையம் இல்லை, வெறும் வெள்ளைப் பளபளப்பு. ஓடிக்கொண்டிருந்தது ஒட்டகப் பாட்டு, மஞ்சள் மீன்கள் மட்டும் வருகிற லேசான வகை. கையால் மறைத்துப் பார்த்தாள், சரிப்பட்டு வரவில்லை. சரி, போனால் போகட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு, பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டு, விரல் போன போக்கில் அமுக்கினாள்.

காதுக்குள் ‘டிங்’ என்றது. மீன் சிக்கினால் வருகிற சத்தம். பிறகு இன்னொரு டிங். பிறகு வரிசையாக டிங், டிங், டிங். பாட்டுக்காரி ஒட்டகத்தைக் கூப்பிடக் கூப்பிட மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. துஷ்யந்தி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். கண்ணைத் திறந்தால் கலைந்துவிடுமோ என்று இறுக மூடிக்கொண்டாள். பாட்டு முடிந்து அவள் கண்ணைத் திறந்தபோது பஸ் நிழலுக்குள் வந்திருந்தது. திரையில் கொக்கு தொப்பியைக் கழற்றி வீசி ஆடிக்கொண்டிருந்தது.

“ஆய்!” என்று கத்திவிட்டாள்.

கண்டக்டர் இடம் தப்பிப்போன பிரயாணி என்று நினைத்து மணியை இழுத்தார். பஸ் நின்றது. “மெதன பஹினவாத அக்கே?” என்று சிங்களத்தில், இங்கேயா இறங்கப் போகிறீர்கள் என்று கேட்டார். சுற்றிலும் தேயிலை. ஒரு வீடு கூட இல்லை.

“நே, நே மல்லி. யன்ன, யன்ன” என்று, இல்லை தம்பி, போங்கள் என்று கையை ஆட்டினாள் துஷ்யந்தி. முகம் சிவந்துபோயிற்று. பஸ் முழுக்கச் சிரித்தது.

கெம்பஸ் மரங்கள் வரும்வரை மெஷினைத் தொடாமல் யோசித்துக்கொண்டே போனாள். கை தட்டிய போதெல்லாம் அவள் செய்தது என்ன? பிழையாகிவிடுமோ என்ற பயத்தில் பக்கத்தில் இருப்பவளின் கையைப் பார்த்தாள். அந்தக் கை தட்டியதைக் கண்டுவிட்டுத் தன் கையைத் தட்டினாள். பிந்தாமல் என்ன செய்யும்? கும்மியிலும் அப்படித்தான், முன்னால் நின்றவளின் முதுகையே பார்த்துக்கொண்டு ஆடினாள். பாட்டை அவள் கேட்டதே இல்லை. அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு தேசிக்காயை முகர்ந்தாள்.

பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. கண்ணை மூடியபடி லேசான வகையில் ஒவ்வொரு பாட்டாகக் கடந்தாள். பாட்டு மனதில் பதிந்த பிறகு கண்ணைத் திறந்தே விளையாடப் பழகினாள். நிறம் மாறி மாறி வேகமாக வருகிற மீன்களையும் ஒன்றுவிடாமல் பிடித்தாள். கண்ணாடிக்கு அளவெடுக்க வருகிறவர்களுக்கு எழுத்து அட்டையைக் காட்டும்போதே அவள் கால் மேசைக்கடியில் தட்டிக்கொண்டிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யோகராஜ் வீட்டுக்குப் பின்னால் கூரைத் தண்ணீர் ஓடும் பீலிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று சுத்தியலை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினார். குசினிக்குள் யாரோ பலகையில் காய் வெட்டும் சத்தம். வெட்டு ஒவ்வொன்றும் அளந்து வைத்தாற்போல் விழுந்தது. நடுவில் ஒரு சின்ன இடைவெளி, பிறகு இரட்டை வெட்டு, மறுபடி இடைவெளி. அவர் ஏணியிலிருந்து இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

“யாரு துஷி வந்திருக்கிறது?”

“ஒருத்தரும் வரலையே.”

“அப்ப போஞ்சி வெட்டினது யாரு?”

“நாந்தான். ஏன், பெருசு பெருசா போச்சா?”

யோகராஜ் பலகையைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். “இன்னொருக்கா வெட்டு” என்றார்.

அவள் வெட்டினாள். அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லை. துஷ்யந்தி கையைத் துடைத்துக்கொண்டு மெஷினை எடுத்து வந்து காட்டினாள். ஒட்டகப் பாட்டை ஒரு மீன் தப்பாமல் அடித்துக் காட்டினாள். யோகராஜ் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கொஞ்சம் தெளிந்ததும் கையை நீட்டினார்.

“குடு இங்க. இது எங்க ஏரியா.”

சட்டைக் கையை மடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். பாட்டு தொடங்கியது. முதல் நாலு மீனும் சிக்கின. “பாத்தியா” என்று புருவத்தை உயர்த்தினார். பிறகு அவருடைய விரல்களுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இரண்டு மீனுக்கு நடுவில் சும்மா கிடந்த இடத்தில் சின்னதாக ஒரு உருட்டு உருட்டினார். கொக்கு முறைத்தது. அடுத்ததில் ஒரு மீனைக் கொஞ்சம் தாமதித்து, சுகமாக இழுத்து அடித்தார். மீன் தப்பியது. பாட்டு முடியுமுன்பே கொக்கு வந்து தலையை ஆட்டிவிட்டது.

“என்னா இது? நான் அடிச்சது சரிதானே?”

“அடிச்சது நல்லாத்தான் இருந்திச்சு. ஆனா மீனு இல்லாத எடத்திலயும் அடிச்சிட்டீங்க.”

“அந்த எடத்தில ஒண்ணு விழுந்தாத்தான் பாட்டுக்கு அழகு. இந்தக் கொக்குக்கு என்னா தெரியும்?”

“அது கேக்கிறதத்தான் அடிக்கணும். கூடவும் கூடாது, கொறையவும் கூடாது.”

தன்னுடைய மனைவி தனக்குத் தாளம் சொல்லிக் கொடுக்கிறாள் என்பது யோகராஜுக்கு மெல்ல மெல்லத்தான் உறைத்தது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் சுண்டல் சட்டியை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, “துஷி, முன்னுக்கு வந்து உக்காரு” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னவர் அவர்தான்.

துஷ்யந்தி முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள். யாருடைய கையையும் பார்க்கவில்லை. டோலக்கை மட்டும் கேட்டாள். ஒரு பாட்டு முடிந்தது, இரண்டு பாட்டு முடிந்தது, தீபாராதனையும் முடிந்தது. யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பிழையாகத் தட்டினால்தானே யாரும் திரும்பிப் பார்ப்பார்கள். பக்கத்தில் இருந்தவள், “என்னாக்கா, இன்னக்கி சுண்டலில உப்பு கூடிப்போச்சு, நீங்க செய்யலையா?” என்று மட்டும் கேட்டாள். வீட்டுக்கு நடக்கும்போது துஷ்யந்தி இதைச் சொல்ல, யோகராஜ் ரோட்டில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கொக்கை மட்டும் அவரால் மன்னிக்க முடியவில்லை. கடையிலிருந்து வந்ததும் மெஷினை எடுத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவார். டோலக் அடித்துப் பழகிய விரல்கள், கட்டையாய் உரமேறியவை. கோபம் வந்தால் பட்டனை அமுக்க மாட்டார், அறைவார். ஒரு நாள் வலப்பக்கப் பட்டன் உள்ளே போனது, வெளியே வரவே இல்லை.

“என்னாங்க செஞ்சீங்க?”

“நா ஒண்ணும் செய்யல. அதுவா போயிருச்சு.”

மறுநாள் துஷ்யந்தி வாடிய முகத்தோடு கடைக்கு வந்தாள். ருக்கியா மெஷினை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். “கவலப்படாதீங்க. எங்கட தெருப் புள்ள ஒண்டு ஈக்கி, ஷஹ்மா எண்டு பேர். போன் திருத்திற கடையில வேல. கைக்கு எது கெடச்சாலும் கழட்டிப் போடுவா. அவட்டக் குடுப்பம்.”

ஷஹ்மா வேலை செய்த கடை டவுனுக்குள்ளேயே ஒரு சந்தில் இருந்தது. இருபது வயசைத் தாண்டிய பெண். ஸ்கார்ஃபின் மேலே நெற்றியில் ஒரு லைட்டைக் கட்டிக்கொண்டு, மேசையில் மூக்கு முட்டக் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தாள். மெஷினைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“இது யார்ட? மகன்டயா?”

“என்னோடதும்மா.”

“நீங்களா ஆன்டி விளாடுற? மீன் கேமா?” ஷஹ்மா சந்தேகத்தோடு தன் பையிலிருந்து அதே மாதிரி ஒரு மெஷினை எடுத்து நீட்டினாள். “எங்க, ஒண்டு அடிச்சுக் காட்டுங்க பாப்பம்.”

துஷ்யந்தி கடை வாசலில் நின்றபடியே ‘கதவத் தொற’ பாட்டை அடித்தாள். முடித்துவிட்டுப் பார்த்தால், ஷஹ்மா நெற்றி லைட்டை அணைக்க மறந்து, துஷ்யந்தியின் முகத்தில் வெளிச்சம் விழப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆன்டி, ஞாயித்துக்கெழம போட்டியொண்டு ஈக்கி. நாங்க கேம் விளாடுற கூட்டம் சேந்து வைக்கிற. கட்டாயம் வரணும். நான் பேர் போடுறன்.”

“ஐயோ, சின்னப் பசங்களோட நா என்னாத்த…”

“பட்டன் சரியாகிற வரைக்கும் என்ட மெஷின்ல பழகுங்க” என்று ஷஹ்மா தன்னுடையதையே தூக்கிக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு மாட்டேன் என்று சொல்ல துஷ்யந்திக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனார்கள்: துஷ்யந்தி, யோகராஜ், அவர்களுக்குத் துணையாக ருக்கியா. டவுனில் ஒரு கட்டடத்தின் மேல்மாடி. பெரிய ஜன்னல்களும் வரிசையாகப் பிளாஸ்டிக் கதிரைகளுமாக இருந்தது. வந்திருந்தவர்கள் எல்லாம் பாடசாலை முடித்த வயசும் கெம்பஸ் வயசும். சேலை கட்டியிருந்த ஆள் துஷ்யந்தி மட்டும்தான். யாரோ ஒரு பெடியன் அவளைப் பரிசு கொடுக்க வந்த விருந்தாளி என்று நினைத்து முன்வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்தான். அவளுடைய பெயருக்குப் பதிலாக ஒரு விளையாட்டுப் பெயர் வேண்டும் என்று கேட்டார்கள். ஒன்றும் தோன்றாமல், “கலஹா” என்றாள்.

இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து ஒரே பாட்டை அடிக்க வேண்டும். போட்டிக்கென்று வைத்திருந்த மெஷின்களின் சத்தத்தை அடக்கிவிட்டு, பாட்டை எல்லோருக்கும் கேட்கும்படி பெரிய ஸ்பீக்கரில் போட்டார்கள். முதல் சுற்றில் அவளுக்கு எதிரே உட்கார்ந்த பெடியன் மரியாதைக்காக எழுந்து நின்று வணக்கம் வைத்தான். தோற்றுப்போனதும் மறுபடி எழுந்து நின்று வணக்கம் வைத்தான். அடுத்த சுற்றிலும் அவள் வென்றாள். ‘கலஹா, கலஹா’ என்று பின்வரிசை கத்தத் தொடங்கியது. யோகராஜ் தான் கலஹாவிலேயே பிறந்து வளர்ந்தவர் என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசிச் சுற்றில் அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தவள் ஷஹ்மா.

“ஆன்டி, கோவிக்கக் கூடாது. நான் விட்டுக் குடுக்க மாட்டன்” என்றாள்.

“நானும்தாம்மா” என்றாள் துஷ்யந்தி. அப்படிச் சொன்னது தன்னுடைய வாய்தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பாட்டு, ஒட்டகப் பாட்டு. அதிலும் வேகமான வகை. இருவரும் ஒரு மீனைக்கூட விடாமல் சமமாகப் போனார்கள். பாட்டு பாதி தாண்டியிருக்கும். டப்பென்று கரண்ட் போனது.

ஸ்பீக்கர் செத்துவிட்டது. ஆனால் மெஷின்கள் பட்டரியில் ஓடின. இரண்டு திரையிலும் மீன்கள் சத்தமில்லாமல் நீந்தி வந்துகொண்டே இருந்தன. ஷஹ்மா கண்ணாலேயே பார்த்து அடிக்கப் பழகியவள், திரையில் மூக்கு முட்டக் குனிந்துகொண்டாள். துஷ்யந்திக்கோ காது அடைத்தது போலாகிவிட்டது. பாட்டில்லாத மீன்கள் அவளுக்குப் பிடிபடாத பழைய மீன்களாகத் தெரிந்தன. ஒன்று தப்பியது. இன்னொன்று தப்பியது.

அப்போதுதான் பின்னாலிருந்து அது கேட்டது. பிளாஸ்டிக் கதிரையின் முதுகில் இரண்டு கைகள் தாளம் போடத் தொடங்கியிருந்தன. வீட்டில் இத்தனை நாள் கேட்டுக் கேட்டு யோகராஜுக்கு ஒட்டகப் பாட்டு மனப்பாடம். விட்ட இடத்திலிருந்து பிசகாமல் பிடித்துக்கொண்டார். துஷ்யந்தி திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கைகளைக் கேட்டாள். டோலக் இல்லை, தோல் இல்லை, வெறும் பிளாஸ்டிக். ஆனால் அது அவருடைய அடிதான், ஆயிரம் பேர் அடித்தாலும் அவளுக்குத் தெரியும். மீன்கள் மறுபடி ஒன்றன்பின் ஒன்றாகச் சிக்கின. வெறும் கண்ணால் அடித்த ஷஹ்மாவும் இரண்டு மீனைத் தப்பவிட, விழுந்துபோன தூரத்தை அவள் பிடித்துக்கொண்டு வந்தாள். மண்டபம் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது.

கை தட்டியதுதான் வினையாகிவிட்டது. இத்தனை பேர் நின்று தட்டக் கண்ட யோகராஜுக்குத் தலைகால் தெரியவில்லை. பாட்டு முடிகிற இடத்தில், பஜனையில் கடைசிப் பாட்டுக்கு வைப்பது போல, உருட்டி, மிரட்டி, மூன்று தடவை சுற்றி ஒரு பெரிய முடிவு வைத்தார். அவர் கையை நம்பி ஓடிக்கொண்டிருந்த துஷ்யந்தியின் விரல்களும் கூடவே உருட்டின, மிரட்டின, சுற்றின. திரையில் ஒரு மீன்கூட இல்லை. கொக்கு வந்து முறைத்தது.

ஷஹ்மா வென்றுவிட்டாள்.

துஷ்யந்தி மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். யோகராஜ் கைகளை அந்தரத்தில் வைத்தபடி, பானையை உடைத்துவிட்ட பிள்ளையைப் போல நின்றார்.

“என்னாங்க…”

“கை தானா போயிருச்சு துஷி.”

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேசையில் தலையை வைத்துக்கொண்டு, கண்ணீர் வழிய, தோள் குலுங்கச் சிரித்தாள். ஷஹ்மாவும் சிரித்தாள். ருக்கியா, “மனுசன் ஜெயிக்க வெச்சதும் அவர்தான், தோக்க வெச்சதும் அவர்தான்” என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். போட்டி நடத்தியவர்கள் வந்து, கரண்ட் வந்ததும் திரும்ப ஒருமுறை வைக்கலாம் என்று சொன்னார்கள். ஷஹ்மாவும் அதற்குச் சரி என்றாள்.

“வேணாம் தம்பி. அந்தப் புள்ள நல்லாத்தான் ஜெயிச்சிச்சு” என்றாள் துஷ்யந்தி. “எங்க வீட்டுக்காரரு அடிச்சது அத விட நல்லா இருந்திச்சு. கொக்குக்குத்தான் புரியல.”

இதைக் கேட்டதும் யோகராஜின் முகம் பூத்துவிட்டது. திரும்பிப் போகிற பஸ்ஸில் ஏறும்வரை அதையே மூன்று பேரிடம் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து ஷஹ்மா, திருத்திய மெஷினோடு கண்ணாடிக் கடைக்கு வந்தாள். அதே நிறத்தில் பட்டன் கிடைக்கவில்லையாம், செம்மஞ்சளில் ஒன்றைப் பொருத்தியிருந்தாள். அவள் கவுண்டரில் குனிந்து அதை விளக்கிக்கொண்டிருந்தபோது துஷ்யந்தி அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா எல்லாத்தையும் இவ்வளவு கிட்ட வச்சிப் பாக்கிற? தல வலிக்குதா?”

“வலிக்கித்தான். வேலயால எண்டு நெனச்சன்.”

“இங்க உக்காரு” என்று அவளைக் கதிரையில் இருத்தி எழுத்து அட்டையைக் காட்டினாள். மூன்றாவது வரியிலேயே ஷஹ்மா தடுமாறினாள். டொக்டர் வந்து சோதித்து எழுதிக்கொடுத்த பிறகு, சட்டம் தெரிவு செய்ததும் அதில் ஆணி முடுக்கியதும் துஷ்யந்திதான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போன ஷஹ்மா, மணிக்கூட்டுக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள். “ஆன்டி, முள்ளு வெளங்குது!” என்று அங்கிருந்தே கத்தினாள்.

“இந்தக் கண்ணோடயா நீ என்னய ஜெயிச்ச?” என்றாள் துஷ்யந்தி.

இப்போதெல்லாம் புதன்கிழமைகளில் ஷஹ்மா சாப்பாட்டுப் பார்சலோடு கண்ணாடிக் கடையின் பின்னறைக்கு வந்துவிடுகிறாள். இரண்டு மெஷினும் மேசைக்கு வரும். ருக்கியா நடுவர். ஒரு கையில் சோறு, மறு கையால் தீர்ப்பு. ஒரு கிழமை ஷஹ்மா வெல்கிறாள், ஒரு கிழமை துஷ்யந்தி வெல்கிறாள். வீட்டுக்குப் போனதும் யோகராஜ் கேட்கிற முதல் கேள்வி, “இன்னக்கி யாரு?” என்பதுதான்.

போன புதன்கிழமை இருவரும் மும்முரமாக இருந்தபோது ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் கண்ணாடி மாற்ற வந்தார். முன்னால் யாரையும் காணாமல் சத்தம் வந்த பக்கம் நடந்து வந்து, பின்னறை வாசலில் நின்று, பாட்டு முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் தொண்டையைச் செருமினார்.

“பிள்ளை, அடுத்தது எனக்கு ஒருக்காத் தர ஏலுமா?”

துஷ்யந்தி பதறி எழுந்தாள். ருக்கியா அசையவில்லை.

“மொதல்ல கண்ணுக்கு அளவு தாங்க சேர்” என்றாள். “பொறகு ஆறுதலா மீன் புடிப்பம்.”